பாண்ட் வேறு, நோட்டீஸ் வேறு: வேலை மாறும் துணை விமானிக்கு

கேள்வி: பிராந்திய விமான நிறுவனம் ஒன்றில் ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய புரொபெல்லர் விமானம் ஓட்டும் துணை விமானி நான். ஊர் திருச்சி. வேலைக்குச் சேர்ந்து 28 மாதம் ஆகிறது. டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கான தனிப் பயிற்சி) செலவு 18 லட்சத்தைக் கம்பெனிதான் கட்டியது. இன்வாய்ஸ் நகல் என்னிடம் உண்டு. அதற்காக 5 வருட பாண்ட், முறித்தால் 30 லட்சம் என்று எழுதி வாங்கினார்கள். அப்பா கையெழுத்துப் போட்ட, தேதியில்லாத 3 செக்கும் என் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் அவர்களிடம் இருக்கின்றன. இதுவரை 1,350 மணி நேரம் பறந்திருக்கிறேன். பெரிய நிறுவனம் ஒன்று ஏ320 ஜெட் விமானத்துக்கு ஆள் எடுக்கிறது. 3 மாதத்தில் வந்து சேரச் சொல்கிறது. இங்கே இரண்டு ரூட்டுகள் நின்றுவிட்டன. சம்பளம் இரண்டு முறை 20 நாள் தள்ளிப் போனது. விலகினால் முழு 30 லட்சம் கட்டவேண்டும், இல்லையேல் செக்கை பேங்கில் போடுவோம் என்கிறார் எச்.ஆர். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் எச்.ஆர். இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டிப் பயமுறுத்துகிறார். நோட்டீஸ் காலம், அதாவது ராஜினாமா கொடுத்தபின் வேலை பார்க்கவேண்டிய காலம், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. பாண்ட் என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான பணக் கணக்கு. முதலாவதை மீறினால் உங்கள் உரிமத்துக்கே சிக்கல். இரண்டாவதில் பேரம் பேச இடமுண்டு. உங்களைப் போன்றவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பாண்டுக்குப் பயந்து நோட்டீஸை அலட்சியம் செய்கிறார்கள்.

நோட்டீஸில் இருந்து தொடங்குவோம். டி.ஜி.சி.ஏ. 2017 ஆகஸ்டில் திருத்திய விதிப்படி கேப்டன் என்றால் ஒரு வருடம், துணை விமானி என்றால் 6 மாதம். கம்பெனி தடையில்லாச் சான்று கொடுத்து முன்கூட்டியே விடுவித்தால் மட்டும் இது குறையும். ஆகவே 3 மாதத்தில் சேருவது உங்கள் கையில் இல்லை. இந்த விதியைச் சொல்லி, சேரும் தேதியைத் தள்ளித்தரும்படி புது நிறுவனத்திடம் இன்றே கேளுங்கள். அவர்களுக்கும் இந்த விதி தெரியும். 2023-இல் ஆகாசா ஏர் விமானிகள் நோட்டீஸ் முடிக்காமல் கிளம்பிய விவகாரம் நீதிமன்றம் வரை போனது. விதி அமலில் இருக்கும்போது டி.ஜி.சி.ஏ. நடவடிக்கை எடுப்பதற்குத் தடையில்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் அப்போது சொன்னது. விமானி சங்கங்கள் விதியையே எதிர்த்து வழக்குப் போட்டிருந்தாலும், அந்த நம்பிக்கையில் நீங்கள் ரிஸ்க் எடுக்கக்கூடாது.

இந்த விதிக்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை எச்.ஆர். சொல்லமாட்டார். நோட்டீஸ் காலத்தில் நீங்கள் பறக்க மறுக்கக்கூடாது என்பது போலவே, உங்களுக்குச் சேரவேண்டிய உரிமைகளைக் கம்பெனியும் பறிக்கக்கூடாது. அந்தக் காலத்தில் சம்பளத்தையோ படிகளையோ குறைத்தால், வேலை நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றினால், முன்கூட்டியே விடுவிக்கும்படி நீங்கள் கேட்கலாம். ராஜினாமா கொடுத்தவரை ராஸ்டரில் (பணிப் பட்டியலில்) போடாமல் உட்காரவைப்பது சில இடங்களில் நடக்கிறது. 90 நாளில் 3 டேக்-ஆஃப், 3 லேண்டிங் இல்லாவிட்டால் ரீசன்ஸி (அண்மையில் பறந்திருக்கிறார் என்ற தகுதி) போய்விடும், அலவன்ஸும் குறையும். அதனால் மாதாமாதம் ராஸ்டரையும் சம்பளச் சீட்டையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமாவை மெயிலில் அனுப்பி, அதே நாளில் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். 6 மாதம் அன்றிலிருந்து எண்ணப்படும். 'ஏற்றுக்கொள்ளவில்லை' என்று பதில் வரலாம். அதனால் விதியிலுள்ள காலம் நீண்டுவிடாது. ஆனால் ஒன்று: அனுப்பியபின் மனம் மாறினால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரண ஊழியர் ராஜினாமா அமலுக்கு வருமுன் திரும்பப் பெறலாம் என்பது பொது விதி. விமானி ஒருவர் நோட்டீஸ் காலம் முடிய இரண்டு வாரமே இருக்கும்போது வாபஸ் கேட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்த நோட்டீஸ் பொதுநலனுக்காக, கம்பெனி மாற்று ஆள் தயார் செய்துகொள்வதற்காகவே விதிக்கப்பட்டது என்பது காரணம். பின்னால் ஏர் இந்தியா விமானிகள் விஷயத்தில் தில்லி உயர் நீதிமன்றம் 2021-இல் வேறு உண்மைகளின் பேரில் வாபஸை அனுமதித்தது உண்டு. அதை நம்பி ராஜினாமா எழுதவேண்டாம். புது நிறுவனத்தின் நியமனக் கடிதம் கையில் வரும்வரை ராஜினாமா வேண்டாம்.

இனி பாண்ட். வேலை பார்க்கும் காலத்துக்குள் விதிக்கும் கட்டுப்பாடு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவால் செல்லாமல் போகாது. விஜயா வங்கி வழக்கில் 3 வருடச் சேவை, தவறினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. 'பாண்டெல்லாம் செல்லாது' என்று உங்கள் சக விமானிகள் வாட்ஸாப்பில் சொல்வதை இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதேசமயம், எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்று கம்பெனியும் கனவு காணக்கூடாது. 74-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான்; அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். உங்களை யாரும் வேலையில் கட்டிப்போட்டு உட்காரவைக்கவும் முடியாது. தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை வலுக்கட்டாயமாக நிறைவேற்ற நீதிமன்றம் உத்தரவிடுவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பயிற்சிச் செலவு 18 லட்சம், மொத்தம் 60 மாதம். இன்று ராஜினாமா கொடுத்தால் நோட்டீஸ் முடியும்போது 34 மாதம் ஆகிவிடும், மிச்சம் 26. 18 லட்சத்தை 60-ஆல் வகுத்து 26-ஆல் பெருக்கினால் 7 லட்சத்து 80 ஆயிரம். பேச்சுவார்த்தைக்கு இதுதான் உங்கள் தொடக்க எண். ஆனால் பாண்டின் 5 வருடம் எந்த நாளிலிருந்து என்பதை முதலில் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அது சேர்ந்த தேதியாக இருக்காது. லைன் ரிலீஸ் ஆன, அதாவது பயிற்சி முடிந்து வழக்கமான பணிக்கு விடப்பட்ட தேதியாக இருக்கும். சிம்யுலேட்டர், பேஸ் டிரெயினிங், லைன் டிரெயினிங் எல்லாம் முடிய 7 மாதம் ஆகியிருந்தால், உங்கள் மிச்சம் 33 மாதம், தொகை 9 லட்சத்து 90 ஆயிரம். ஒரே ஒரு வாக்கியத்தில் 2 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். மாற்று விமானியைத் தயார் செய்யும் செலவையும் கம்பெனி கேட்கும். நீங்கள் 6 மாதம் முழுசாகப் பறந்து கொடுத்திருந்தால் அந்த வாதம் பலவீனமாகும். நோட்டீஸை ஒழுங்காக முடிப்பதன் பணப் பலன் இதுதான்.

சம்பளம் இரண்டு தடவை 20 நாள் தள்ளிப்போனதை மட்டும் வைத்து பாண்டை உடைக்க முடியாது. மூன்று நான்கு மாதம் பாக்கி, பி.எஃப். கட்டவில்லை, பிடித்த டி.டி.எஸ். 26ஏ.எஸ். படிவத்தில் ஏறவில்லை என்றால் கதை வேறு. ஒப்பந்தத்தைத் தானே மீறியவர் உங்களிடம் நஷ்டஈடு கேட்பதற்கு வலுவான எதிர்வாதம் கிடைக்கும். இந்த மூன்றையும் இப்போதே ஆன்லைனில் பார்த்துவிடுங்கள்.

நின்றுபோன ரூட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சிறு ஊர்களை இணைக்கும் மத்திய அரசின் உடான் விமானத் திட்டத்தில் ஒரு ரூட்டுக்கான நஷ்ட ஈட்டு மானியம் பொதுவாக 3 வருடத்துக்குத்தான். நம் சேலத்துக்கு 2018-இல் பறந்த ட்ரூஜெட் விமான நிறுவனம் இன்று இல்லை. 3 வருட மானியத்தில் ஓடும் விமானத்துக்கு 5 வருட பாண்ட் எழுதுகிறார்கள் என்பதை இத்துறைக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் கவனிக்கவேண்டும். புதிதாகக் கையெழுத்திடுபவர்கள், சம்பளம் 60 நாள் தவறினாலோ, விமானங்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டாலோ, நிறுவனம் திவாலானாலோ பாண்ட் தானாக முடிந்துவிடும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், பாக்கி மாதங்களுக்கேற்பத் தொகை குறையும் என்ற வரியாவது வேண்டும்.

செக் விஷயம்தான் உண்மையில் அவசரமானது. ஆபத்து அப்பாவுக்கு; கையெழுத்து அவருடையது என்பதால், செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரும் அவர்தான். கணக்கை மூடிவிட்டால் தப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். கணக்கு மூடப்பட்டதாகத் திரும்பும் செக்கும் 138-க்குள் வரும் என்று 1999-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (அந்த வழக்கில் செக் கொடுத்தது சென்னையின் என்.இ.பி.சி. குழுமம், ஒருகாலத்தில் அவர்களும் விமானம் ஓட்டினார்கள்.) ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாலும் வழக்கு வரலாம்.

செய்யவேண்டியது இது: செக் எண்களைக் குறிப்பிட்டு, அவை பாண்டுக்குப் பாதுகாப்பாக மட்டும் தரப்பட்டவை, இன்றைய தேதியில் எந்தத் தொகையும் நிர்ணயமாகவில்லை, மாதக் கணக்குப்படி வரும் தொகையைப் பேசத் தயார் என்று அப்பா பதிவுத் தபாலில் எழுதவேண்டும். செக்கை பேங்கில் போடும் நாளில் அதிலுள்ள தொகை சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனாக இருக்கவேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. 30 லட்சம் நிரப்பிப் போட்டால் இதுவே எதிர்வாதம். செக் திரும்பினால் கம்பெனி 30 நாளுக்குள் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பவேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பதில் போயாகவேண்டும். அந்தத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது பெரிய தவறு.

மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை இல்லை. எழுத்தில் கேளுங்கள், பிறகு வக்கீல் நோட்டீஸ். போலீசில் 'தொலைந்துவிட்டது' என்று சான்று வாங்கி நகல் எடுக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். எங்கே இருக்கிறது என்று தெரிந்தே கொடுக்கும் பொய்த் தகவல் அது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பது) ஷரத்து இருக்கிறதா, வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஊரைக் குறிப்பிடும் ஷரத்து வேலை ஒப்பந்தத்திலும் செல்லும் என்பது உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு 2025 தீர்ப்பு. திருச்சியில் வழக்கு நடத்தலாம் என்று எண்ணியிருக்கவேண்டாம். ஆர்பிட்ரேட்டரைக் கம்பெனி மட்டுமே நியமிக்கும் என்று இருந்தால் அதை ஆட்சேபிக்கலாம்.

இதற்கிடையில் கம்பெனி கமாண்ட் அப்கிரேட் (கேப்டனாகப் பதவி உயர்வு) தருவதாக ஆசை காட்டலாம். உங்களுக்கு 1,500 மணி நேரத்துக்கு இன்னும் 150 மணிதான் பாக்கி. மாதம் 50 மணி பறந்தால் நோட்டீஸ் காலத்துக்குள்ளேயே தாண்டிவிடும், கேப்டனாகத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு விண்ணப்பிக்க அது உதவும். கேப்டனாகிவிட்டால் நோட்டீஸ் ஒரு வருடமாகும், அப்கிரேட் பயிற்சிக்கென்று தனி பாண்டும் நீட்டுவார்கள். ஏ.டி.ஆரில் சீக்கிரம் கேப்டன் ஆவதா, ஏ320-இல் சீனியாரிட்டி வரிசையின் கடைசியில் நிற்பதா என்பது உங்கள் முடிவு. இரண்டு படகிலும் கால் வைக்காதீர்கள்: அப்கிரேட் வேண்டும் என்றால் ராஜினாமா வேண்டாம்.

தொகை முடிவானதும் செட்டில்மென்ட் கடிதத்தில் மூன்று செக்கின் எண்களும் தனித்தனியாக வரவேண்டும், அவை அப்பாவிடம் திருப்பித் தரப்பட்டதாகவும் எழுதியிருக்கவேண்டும். பணத்தை பேங்க் மூலம், செக்கைக் கையில் வாங்கும் அதே நாளில் கொடுங்கள். பறந்த மணி நேரங்களுக்குக் கம்பெனியின் சான்றொப்பத்தையும் அன்றே வாங்கிவிடுங்கள். கடைசிச் சம்பளக் கணக்கை, புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியபின் 2 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடித்தாகவேண்டும்.