டூர் வகை கோல்ஃப் டிரைவரா, சாதா டிரைவரா?

கேள்வி: பந்தை அதிகத் தொலைவுக்கு அடிக்கும் கோல்ஃப் மட்டையான டிரைவரை நான் வீசும் வேகம் மணிக்கு 92 மைல். வலக்கை ஆட்டக்காரனான என் பந்து உயரே எழும்பி வலப்புறம் வளைந்துவிடுகிறது. பார்த்து வைத்திருப்பவை இரண்டு. பிங் நிறுவனத்தின் ஜி430 மேக்ஸ், லாஃப்ட் (முகத்தின் சாய்வு) 10.5 டிகிரி, ரெகுலர் (நடுத்தர விறைப்புள்ள) ஷாஃப்ட், அதாவது தண்டு. அதன் டூர் வகையான, ஸ்பின்னைக் குறைக்கும் ஜி430 எல்எஸ்டி, 9 டிகிரி, ஸ்டிஃப் (கூடுதல் விறைப்புள்ள) ஷாஃப்ட். பழைய கிளப்புகளான இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. டூர் ஆட்டக்காரர்கள் (தொழில்முறைப் போட்டிகளில் ஆடுபவர்கள்) விரும்பும் எல்எஸ்டியையே வாங்கிவிடலாமா?

பதில்: மேக்ஸையே வாங்குங்கள். டூர் வகை என்பது சாதா வகையைவிட உயர்ந்த தரம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வேறொரு ஆட்டக்காரரின் வேறொரு சிக்கலுக்காகச் செய்யப்பட்டது. மணிக்கு 110 மைலுக்கு மேல் வீசுபவருக்கு ஸ்பின் (பந்தின் சுழற்சி) கூடிப் பந்து காற்றில் மிதந்து தூரம் குறையும். அதைத் தடுக்கவே எல்எஸ்டியின் தலையை 440 கன செ.மீ. அளவுக்குச் சுருக்கி, எடை மையத்தைப் பந்தில் படும் முகத்துக்கு அருகே கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்பின் குறைகிறது, ஆனால் நடுவில் படாத அடியில் தலை கூடுதலாகத் திரும்பிவிடுகிறது. விதி அனுமதிக்கும் 460 கன செ.மீ. அளவில், எடையைப் பின்னால் வைத்துள்ள மேக்ஸ் அந்தத் தவறைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும்.

உங்கள் பந்து உயரே எழும்புவதற்கு டிரைவரின் தலை காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்லைஸ், அதாவது இப்படி வலப்புறம் வளையும் பந்து, அடிக்கும்போது முகம் வீச்சின் பாதைக்குத் திறந்திருக்கிறது. திறந்த முகம் லாஃப்டையும் கூட்டிவிடுகிறது. இதற்கு மருந்தாக 9 டிகிரியை எடுத்தால் நிலைமை மோசமாகும், ஏனெனில் முகம் அதே அளவு திறந்திருக்கையில் லாஃப்ட் குறையக் குறைய ஸ்பின்னின் அச்சு மேலும் சாய்ந்து, பந்து இன்னும் அதிகமாக வளையும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பந்தின் பறப்பை ரேடாரால் அளக்கும் டிராக்மேன் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட சராசரிகளின்படி, எல்பிஜிஏ (பெண்களுக்கான தொழில்முறை டூர்) வீராங்கனைகள் 94 மைல் வேகத்தில் வீசி, ஏறக்குறைய 13 டிகிரி கோணத்தில் பந்தை எழுப்பினார்கள், பிஜிஏ டூர் ஆண்களின் கோணம் 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் வேகத்துக்கு முன்மாதிரி அந்த வீராங்கனைகள்தாம்.

ஷாஃப்டைப் பொறுத்தவரை, ஸ்டிஃப், ரெகுலர் என்ற பெயர்களுக்குப் பொதுவான தரநிர்ணயம் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் மற்றொன்றின் ஸ்டிஃபுக்குச் சமமாகவும் இருக்கலாம். ஆகவே எழுத்தைப் பார்க்காமல் அடித்துப் பாருங்கள்.

அடிக்கும் முன் முகத்தில் பாதத்துக்கான பவுடர் ஸ்பிரேயை மெல்லிதாகப் பூசுங்கள். பத்து பந்துகளின் தடம் வெண்மையில் வட்ட வட்டமாகத் தெரியும். அவை ஷாஃப்ட் பக்கமாகக் குவிந்திருந்தால் உங்கள் ஸ்லைஸில் ஒரு பங்கு அங்கிருந்தே வருகிறது. அங்கே பட்ட பந்து வலப்புறம் வளைவது இயற்பியல். பந்திலிருந்து நிற்கும் தூரத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

வாங்கியதும் மேக்ஸின் பின்புறம் உள்ள 25 கிராம் எடையை டிரா (பந்தை இடப்புறம் வளைக்க உதவும்) பக்கத்துக்கு மாற்றுங்கள். பிறகு ஷாஃப்ட் இணைப்பைக் கழற்றி லாஃப்டை ஒரு டிகிரி கூட்டுங்கள். முகமும் அதனோடு சற்று மூடிக்கொள்ளும். ரெஞ்ச் ‘டிக்’ என்று ஒலிக்கும் வரை முறுக்காமல் ஒரு பந்தும் அடிக்க வேண்டாம்.

நடு முகத்தில் தொடர்ந்து அடித்தும் ஸ்பின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளுக்கு மேலேயே நின்றால், அப்போது எல்எஸ்டியைப் பற்றிப் பேசலாம், அதையும் 10.5 டிகிரியில் தேடுங்கள்.