எந்த டிபி டெஸ்ட்டுக்குக் காசு கொடுப்பது? கேள்வி பதில்

சளி ஸ்லைடு பார்த்தே எனக்கு 24 வருடம் ஓடியிருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதி, எந்த டெஸ்ட் எடுத்தால் காசு வீணாகாது என்பதுதான். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து: அண்ணே, எங்கள் அப்பச்சிக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் காய்ச்சல். லேபில் சளி ஸ்லைடு, சிபிநாட், கல்ச்சர் என்று மூன்று விலை சொல்கிறார்கள். விலை குறைந்ததை முதலில் எடுத்துப் பார்க்கலாமா?

சிபிநாட் என்பது சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற மெஷின், கல்ச்சர் என்பது கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. ஸ்லைடு எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள் தம்பி. ஈர்க்குச்சியை உடைத்து, அந்த முனையால் சளியில் கெட்டியான பகுதியை எடுத்துக் கண்ணாடியில் தேய்ப்போம். சிவப்புச் சாயம் ஊற்றி ஆவி வரும்வரை கீழே சூடு காட்டுவோம். பிறகு ஆசிட் விட்டுக் கழுவுவோம். மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவை சாயத்தை விட்டுவிடும், டிபி கிருமி விடாது. கடைசியில் நீலச் சாயம். மைக்ரோஸ்கோப்பில் நீலப் பின்னணியில் சின்னச் சின்ன சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். இல்லை என்று எழுத வேண்டுமானால் குறைந்தது நூறு இடம் நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமி இருந்தால்தான் அந்தக் குச்சி கண்ணில் படும். டிபி உள்ள பத்துப் பேரில் ஐந்தாறு பேரைத்தான் ஸ்லைடு பிடிக்கும். சிபிநாட் மெஷினுக்கு மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமி போதும். மெஷினுக்குள் சளியை ஊற்றிச் செருகுகிற டப்பாதான் கார்ட்ரிட்ஜ்; இப்போது வரும் அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்கு அதிலும் குறைவு போதும். இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி உண்டா என்று சொல்லும், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்துக்கு அது அடங்குமா என்றும் சொல்லிவிடும்.

ஸ்லைடு 'நெகட்டிவ்' என்று வந்தால் நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். அப்புறம் இருமல் மருந்து, ஆன்டிபயாட்டிக், மறுபடி ஒரு டாக்டர் என்று இரண்டு மாதம் ஓடிவிடும். அந்த இரண்டு மாதச் செலவையும் ஸ்லைடு விலையோடு கூட்டிப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் சிபிநாட்டும், அதேபோல் மரபணுவைத் தேடுகிற ட்ரூநாட்டும் இலவசம். நாளைக் காலையே அழைத்துப் போங்கள்.

புதுவயலிலிருந்து: ஐயா, அரிசி ஆலைத் தொழிலாளர்களுக்கு எங்கள் சங்கம் ஒரு முகாம் போடுகிறது. நூறு பேர் வருவார்கள். பணம் அளவாகத்தான் இருக்கிறது. எந்த டெஸ்ட்டுக்கு ஒதுக்கலாம்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். கணக்குப் போட்டே பார்ப்போம். விலைகளும் எண்ணிக்கையும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை: ஸ்லைடு 200 ரூபாய், எக்ஸ்ரே 300, சிபிநாட் 2,000. நூறு பேரில் பத்துப் பேருக்கு டிபி.

எல்லோருக்கும் ஸ்லைடு என்றால் 20,000 ரூபாய். ஐந்து பேர் கிடைப்பார்கள், தலைக்கு 4,000. எல்லோருக்கும் சிபிநாட் என்றால் இரண்டு லட்சம். எட்டுப் பேர், தலைக்கு 25,000. இதைப் பார்த்ததும் ஸ்லைடுதான் லாபம் என்று கணக்கை மூடிவிடுவார்கள். அங்கேதான் தப்பு. சராசரி பார்க்கக் கூடாது, கூடுதலாகப் பிடித்த ஒவ்வொருவருக்கும் கூடுதலாக எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க வேண்டும். ஸ்லைடு விட்டதில் மூன்று பேரை சிபிநாட் பிடிக்க 1,80,000 ஆகிறது, தலைக்கு 60,000.

இப்போது நடுவழி. முதலில் எல்லோருக்கும் எக்ஸ்ரே, 30,000. நெஞ்சில் சந்தேகம் தெரிகிற முப்பது பேருக்கு மட்டும் சிபிநாட், 60,000. மொத்தம் 90,000, ஏழு பேர் கிடைப்பார்கள். ஸ்லைடைவிடக் கூடுதலாகப் பிடித்த இருவருக்கும் தலைக்கு 35,000. எக்ஸ்ரே ஒன்றை மட்டும் வைத்து டிபி என்று முடிவு கட்ட முடியாது. பழைய தழும்பும் நிமோனியாவும் அதேபோல் நிழல் காட்டும். ஆனால் சல்லடையாக அது அருமையானது.

விட்டுப்போன ஆள் என்ன ஆவார் என்பதும் கணக்கில் உண்டு. சிகிச்சை இல்லாத ஒரு நோயாளி வருடத்தில் பத்துப் பதினைந்து பேருக்குத் தொற்ற வைக்கலாம். ஸ்லைடில் தெரியாதவர் குறைவாகப் பரப்புவார், பரப்பாமல் இருக்க மாட்டார். நெல் தூசி பறக்கிற ஆலையில் எல்லோரும் இருமுவதால், யார் இருமல் எந்த இருமல் என்றே தெரியாது.

சங்கத்துக்கு என் யோசனை: சிபிநாட்டுக்கு நீங்கள் காசு கட்டவே வேண்டாம், அது அரசில் கிடைக்கிறது. எக்ஸ்ரே வண்டிக்கும், சளி டப்பாவைக் கொண்டுபோகிற ஆட்டோவுக்கும், டெஸ்ட்டுக்குப் போகிற நாளின் கூலிக்கும் ஒதுக்குங்கள். முடிவு வந்த ஆள் மறுநாளே மாத்திரை தொடங்குகிறாரா என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஸ்லைடுக்குப் பதிலாக சிபிநாட் மெஷினை வைத்து ஆய்வு செய்தார்கள். இறப்பு குறையவில்லை. பாசிட்டிவ் வந்தவர்களில் ஒரு பகுதி சிகிச்சைக்கே வந்து சேரவில்லை.

தேவகோட்டையிலிருந்து: என் மகளுக்கு எடை குறைகிறது என்று ஒரு லேபில் ரத்தத்தில் 'டிபி கோல்டு' எடுத்தோம். பாசிட்டிவ். ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டுமா? இன்னொரு இடத்தில் ஆன்டிபாடி டெஸ்ட்டும் எடுக்கச் சொல்கிறார்கள்.

பயப்படாதீர்கள் அம்மா. டிபி கோல்டும், கையில் ஊசி போட்டுத் தடிப்பு பார்க்கிற மாண்டூவும், உடம்பு எப்போதாவது அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறதா என்றுதான் சொல்லும். இன்று நோய் இருக்கிறதா என்று சொல்லாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இந்தத் தொற்று இருந்தது. அவர்கள் எல்லோருக்கும் நோய் இல்லை. எக்ஸ்ரே எடுங்கள், சளி இருந்தால் சிபிநாட் பாருங்கள், கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து பற்றி அப்புறம் பேசலாம்.

கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற பொருளை ரத்தத்தில் தேடுகிற அந்த ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்றது, 2012இல் இந்திய அரசு தடை செய்தது. 2011இல் இந்தியாவுக்காக ஒரு கணக்கு வெளியானது. 15 லட்சம் சந்தேக நோயாளிகளுக்கு ஸ்லைடுக்குப் பதில் அந்த ரத்தப் பரிசோதனை செய்தால், நோயே இல்லாத 1,21,000 பேருக்குக் கூடுதலாக டிபி முத்திரை விழும், 32,000 பேருக்குக் கூடுதலாக நோய் பரவும், செலவு நான்கு மடங்கு. நான் பார்த்ததிலேயே வீணான டெஸ்ட் இதுதான். இதற்காக நகை அடகு வைத்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: இலவசம் என்றால் தரம் எப்படி இருக்கும்?

தனியாரில் ஓடுகிற அதே மெஷின், அதே கார்ட்ரிட்ஜ். ட்ரூநாட் கோவாவில் தயாராவது. பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் நிற்காது. டிபி உறுதியானால் மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

பள்ளத்தூரிலிருந்து: சிபிநாட்டில் பாசிட்டிவ் வந்த பிறகும் கல்ச்சர் எதற்கு?

எல்லோருக்கும் தேவைப்படாது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி என்று வந்தால் வேறு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க கல்ச்சர் அவசியம். கிருமியைத் திரவத்தில் வளர்க்கிற முறையில் பெரும்பாலும் இரண்டு வாரம், அதிகபட்சம் ஆறு வாரம் ஆகும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

ஆத்தங்குடியிலிருந்து: அண்ணே, என் வீட்டுக்காரர் டைல்ஸ் பட்டறையில் வேலை. இரண்டு மாதம் மாத்திரை முடிந்தது. குணமாகிவிட்டதா என்று மறுபடி சிபிநாட் எடுக்கட்டுமா? காசு போனாலும் பரவாயில்லை.

வேண்டாம் அம்மா. சிபிநாட் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. மாத்திரையில் செத்த கிருமியின் மரபணுவும் சளியில் கிடக்கும், மெஷின் அதையும் பாசிட்டிவ் என்று காட்டும். இந்த இடத்தில் ஸ்லைடுதான் சரி. அதுவும் இலவசம். மிச்சமான காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள், சர்க்கரை அளவும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சிங்கம்புணரியிலிருந்து: நான்கு வயதுப் பேரனுக்குச் சளி துப்பத் தெரியாது. என்ன செய்வது?

குழந்தைகள் சளியை விழுங்கிவிடுவார்கள். அதனால் காலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்து சிபிநாட் பார்ப்பார்கள். மலத்திலும் பார்க்கலாம், குழந்தைக்குக் குழாய் விடுகிற வேதனை இருக்காது. டாக்டரிடம் கேளுங்கள், ஆச்சி.

மறுபடி காரைக்குடியிலிருந்து: அண்ணே, நாளைக் காலை போகிறோம். அப்பச்சி எதுவும் தயார் செய்ய வேண்டுமா?

எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். வாசலிலோ மாடியிலோ, ஆள் இல்லாத திறந்த இடத்தில் துப்பட்டும். டப்பாவில் கெட்டியாக, மஞ்சளாக விழுந்தால் நல்ல சளி. நுரையும் தண்ணியுமாக இருந்தால் அது எச்சில். எவ்வளவு நல்ல மெஷினில் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, இன்னொரு தடவை முயற்சி செய்யச் சொல்லுங்கள். மூடியை இறுக்கி மூடி, நிமிர்த்தி வைத்தே எடுத்துப் போங்கள்.