"அக்கா, நான் ஓட்டாத ரோட்டா?"

கேள்வி: இருபது ஆண்டுகளாக ஜேர்மனியில் வசித்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்ட என் தம்பி, ஏப்ரல் விடுமுறைக்குக் குடும்பத்துடன் வருகிறான். கட்டுநாயக்கவில் கார் வாடகைக்கு எடுத்து, ஹட்டன் வரை தானே ஓட்டி வந்து, பிறகு எங்களையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா, கண்டி எனச் சுற்றப் போகிறானாம். மறித்தால், "அக்கா, நான் ஓட்டாத ரோட்டா?" என்கிறான். என்ன செய்வது? – ஹட்டன் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, தம்பியின் திறமையைக் குறைத்துப் பேசாதீர்கள், அவருக்கு ரோசம் வந்துவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கைதான் இங்கே அவரை ஏமாற்றும் என்பதைச் சொல்லுங்கள்.

அங்கே இடப்பக்க ஆசனத்தில் இருந்து ஓட்டியவர், இங்கே வலப்பக்கம் அமர்ந்ததும், தம் இடப்புறத்தில் எவ்வளவு கார் இருக்கிறது என்பதை மறந்து, தம்மையறியாமலே ஓரம் ஒதுங்குவார். சமவெளியில் அது பெரிய காரியமில்லை. வட்டவளைக்கு மேலே, எதிரே வரும் பஸ்ஸுக்கு இடம் விடும்போது, ஓரத்தில் புல் மூடிக் கிடக்கும் கானில் முன்சில்லு இறங்கிவிட்டால், நாலு பேர் கூடித்தான் தூக்க வேண்டும். சிக்னல் போட நினைத்து வைப்பரை ஓடவிடுவதும் நடக்கும், அதற்குச் சிரித்துக்கொள்ளலாம். வெளிச்சத்தை மின்னும் வழக்கத்துக்கு மட்டும் சிரிக்க முடியாது. அங்கே அது பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்ற மரியாதை. நம் பஸ் சாரதி மின்னினால் "நான் வருகிறேன், நில்" என்று பொருள்.

இரவெல்லாம் விமானத்தில் வந்தவர் அன்றே மலையேற வேண்டாம். முதல் நாளுக்குச் சாரதியுடன் வாகனம் பிடிக்கட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மறுநாள் காலை, ஹட்டன் சுற்றுப்புறத்தில் ஒரு மணிநேரம் ஓட்டிப் பழகட்டும். தேநீர் குடித்துவிட்டு வெறிச்சோடிய வீதியில் மீண்டும் காரை எடுக்கும் கணத்தில்தான் பழைய பக்கம் திரும்பும் தவறு அதிகம் நேரும்.

நுவரெலியா செல்லும்போது, கைப்பேசி குறுக்குவழி என்று காட்டினாலும், ரதல்ல வழியைத் தவிருங்கள். 2023 ஜனவரியில் மாணவர்கள் சென்ற பஸ் மோதி ஏழு உயிர்கள் பறிபோன இறக்கம் அது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்திலிருந்து லபுக்கலை, ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். குறைந்த கியரிலோ, ஹைபிரிட் காராயின் கியர்க் கோலின் 'B' நிலையிலோ இறங்க வேண்டும். கருகிய வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடட்டும்.

மழை நாளாயின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் நம் வீதிகளைச் செய்த கோலம் உங்களுக்குத் தெரியாததா?

வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. வெளிநாட்டவருக்கான தற்காலிக அனுமதிப்பத்திரத்தைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே பெறலாம்.

முன் இடது ஆசனத்தைத் தம்பியின் மனைவிக்கு விட்டுக்கொடுக்காமல், அக்கா என்ற உரிமையில் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். கான் நெருங்கும்போது "தம்பி, வலப்பக்கம் கொஞ்சம்" என்று சொல்ல அந்த ஆசனத்தில் ஊர்க்காரர் ஒருவர் வேண்டும்.