சூரியன் ஒருநாள் அழிந்துபோனால் மனித இனம் என்ன ஆகும்? இதைப் பற்றி அறிவியலும் மதங்களும் என்ன சொல்கின்றன?

கேள்வியை நள்ளிரவு தாண்டிப் பதிவிட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கேட்கிறீர்கள், அல்லது வீட்டில் பிள்ளை கேட்டு நீங்கள் முழித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டும் இல்லையென்றால் மன்னிக்கவும். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என்னால் கடந்துபோக முடியவில்லை. இதற்குப் பதினோரு ஆண்டுகள் தவறான பதிலைச் சொல்லிக்கொடுத்து, அதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்கியவன் நான்.

முதலில் கேட்டதற்குப் பதில். சூரியனுக்கு வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குச் சரக்கு கையிருப்பு உண்டு. இதைச் சொன்னவுடன் எல்லாரும் ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விடுவார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். சூரியனின் பிரகாசம் 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. அடுப்பு அணையும்வரை யார் காத்திருப்பது, அதற்கு வெகுமுன்பே சட்டியில் தண்ணீர் வற்றிவிடும். இன்னும் 100 கோடி ஆண்டு வாக்கில் கடல்கள் ஆவியாகத் தொடங்கிவிடும் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. அதற்கும் முன்னால், 60 கோடி ஆண்டு அளவில், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பாறைகளுக்குள் அடைபட்டுக் குறைந்துபோய், நெல், கோதுமை போன்ற தாவரங்கள் உணவு தயாரிக்க முடியாமல் போகும். கரும்பும் சோளமும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்குமாம். டெல்டாக்காரனாகிய எனக்கு இது ஒரு கூடுதல் வருத்தம்.

மனித இனம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. 60 கோடி என்பது அதைப்போல் இரண்டாயிரம் மடங்கு. அப்போது இட்லி தின்றுகொண்டு, வானத்தைப் பார்த்துப் பயப்படுகிற மனிதன் என்று ஒருவன் இருப்பான் என நினைப்பதே நம்முடைய ஆசைதான்.

இனி என் கதை. 1984இல் சீர்காழிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். விண்மீன்கள் பாடம் வரும்போதெல்லாம் சூரியன் கடைசியில் சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறும் என்று நடத்துவேன். ஒரு நோட்ஸ் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. வெடிப்பு என்றால் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். சாக்பீஸை மேசையில் தட்டி உடைத்துக்காட்டுவேன். நன்றாக நடத்துகிறேன் என்ற நினைப்பு வேறு.

1995 ஆகஸ்டில் விண்ணியற்பியல் அறிஞர் சந்திரசேகர் சிகாகோவில் காலமானார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, அந்தப் பயணத்திலேயே விண்மீன்களின் முடிவைப் பற்றிக் கணக்குப் போட்டவர். எரிந்து ஓய்ந்த விண்மீன் சூரியனைப் போல் 1.4 மடங்கு எடைக்குள் இருந்தால் அமைதியாக வெள்ளைக் குள்ளனாக, அதாவது மெல்ல ஆறும் ஒரு சிறு மிச்சமாக, அடங்கும், அதைத் தாண்டினால் அடங்காது என்ற எல்லை அவர் பெயரால்தான் வழங்குகிறது. நோபல் பரிசு 1983இல் கிடைத்தது. அவர் இறந்த வாரம் நாளிதழ்களில் இதையெல்லாம் எழுதியிருந்தார்கள்.

நான் படிக்கவில்லை. என் வகுப்பில் ஒரு பெண் படித்திருந்தாள். அவளுடைய அப்பா டீக்கடை வைத்திருந்தார். வடை மடிக்க வைத்திருந்த தாளில் அந்தச் செய்தி இருந்திருக்கிறது. எண்ணெய்க் கறையோடு அதை நோட்டுக்குள் மடித்து எடுத்து வந்திருந்தாள். நான் சாக்பீஸை உடைத்ததும் எழுந்து நின்று, “சார், சூரியன் ஒரு மடங்குதானே? 1.4க்குக் கீழேதானே இருக்கிறது? அது எப்படி வெடிக்கும்?” என்று கேட்டாள்.

எனக்குப் புரியவே இல்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். “அதிகப்பிரசங்கி, வெளியே போய் நில்” என்றேன். மதியம் இரண்டு மணி. வராந்தாவில் நிழல் இல்லாத பக்கம். சூரியனுக்காகப் பேசியவளைச் சூரியனிலேயே நிற்க வைத்தேன்.

(வானியல் படித்தவர்கள் இங்கே சண்டைக்கு வர வேண்டாம். அந்த 1.4 எல்லை எரிந்து முடிந்த கருவுக்குத்தான், முழு விண்மீனுக்கு அல்ல. பிறக்கும்போது எட்டு மடங்கு எடைவரை இருக்கும் விண்மீன்களும் வெளியடுக்கை உதறிவிட்டு வெள்ளைக் குள்ளனாகவே முடியும் என்பது எனக்கும் இப்போது தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பெண் வந்து சேர்ந்த முடிவு சரி. அதுதான் விஷயம்.)

மறுநாள் அவளுடைய பாட்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சண்டை போட வருகிறார் என்று நினைத்தேன். கோயில் வாசலில் பூ விற்கிறவர், கூடையோடு அப்படியே வந்திருந்தார். “எதற்கு வாத்தியாரே பிள்ளையை நிற்க வைத்தீர்கள்?” என்றுதான் கேட்டார். நான் சூரியன் அழிவதைப் பற்றிப் பெரிதாக விளக்கினேன். அவர் அசையவில்லை. “அதற்கா இவ்வளவு? ஊழி வந்தால் தோணி இங்கேதானே ஒதுங்கும்” என்றார். சீர்காழிக்குத் தோணிபுரம் என்று ஒரு பெயர் உண்டு. பிரளயத்தில் உலகமே மூழ்கியபோது சிவன் உமையோடு தோணியேறி வந்து தங்கிய இடம் என்பது தலபுராணம். கோயிலின் மேல்தளத்தில் தோணியப்பர் இருக்கிறார். முந்தின நாள் தோற்றவனுக்கு இன்று ஒரு வெற்றி தேவைப்பட்டது. “பாட்டி, கடலே வற்றிவிடும் என்கிறேன். தோணி எதில் மிதக்கும்?” என்றேன்.

“தண்ணீர் இல்லையென்றால் தோணி எதற்கு? நடந்து வருவார்” என்று சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பேத்தியிடமும் தோற்று, பாட்டியிடமும் தோற்ற அந்த வாரம்தான், மயிலாடுதுறையில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஒரு நண்பரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சூரியன் வெடிக்காது. உள்ளே ஹைட்ரஜன் தீர்ந்ததும் கரு சுருங்கிச் சூடேற, வெளியடுக்கு ஊதிப் பெருத்துச் சிவப்பு ராட்சதனாகும். புதனும் வெள்ளியும் விழுங்கப்படும். பூமியும் தப்பாது, இன்னும் சுமார் 760 கோடி ஆண்டில் உள்ளே போய்விடும் என்று 2008இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. பிறகு வெளிப்புகை கலைந்து, பூமியளவு வெள்ளைக் குள்ளன் ஒன்று மிஞ்சி, மெல்ல ஆறும்.

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் 1.4 என்று எழுதி, “போன வாரம் சொன்னதில் ஒரு சிறு திருத்தம்” என்றேன். வெடிக்கும் என்பதற்கும் வெடிக்காது என்பதற்கும் நடுவில் இருப்பது சிறு திருத்தமாம்! அவள் பெயரையும் சொல்லவில்லை. முன்பு படித்துப் போன பத்துக்கு மேற்பட்ட செட் பிள்ளைகளுக்கு அந்தத் திருத்தம்கூடக் கிடைக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஐம்பதை ஒட்டிய யாராவது சூரியன் வெடிக்கும் என்று உங்களிடம் சாதித்தால், அது என் கைவண்ணம். 1935இல் லண்டனில் அறிஞர்கள் கூடிய சபையில் எடிங்டன் என்ற பெரிய வானியலாளர் சந்திரசேகரைக் கேலி செய்ததைப் பின்னாளில் படித்தபோது என்னை அவரோடு ஒப்பிட்டுக்கொள்ளத் தோன்றியது. பிறகு வெட்கமாகிவிட்டது. எடிங்டனுக்கு விஷயம் தெரியும், தெரிந்தே மறுத்தார். நான் நோட்ஸ் புத்தகம்.

மதத்துக்கு வருகிறேன். நான் ஆத்திகனா நாத்திகனா என்று பின்னூட்டத்தில் விசாரணை வேண்டாம். விஷ்ணு புராணத்தில் கல்பத்தின், அதாவது பிரம்மாவின் ஒரு பகலின், முடிவில் ஏழு சூரியன்கள் எரிந்து நீரையெல்லாம் குடித்துவிடுகின்றன. கீழ் உலகத்தார் மேலே உள்ள மகர்லோகத்துக்கு ஓடுகிறார்கள். அங்கும் வெப்பம் தாங்காமல் ஜனலோகத்துக்குக் குடிபெயர்கிறார்கள். பிறகுதான் மழையும் வெள்ளமும். பௌத்தத்தில் புத்தரின் உரைத் தொகுப்பான அங்குத்தர நிகாயத்திலும் ஏழு சூரியன் உண்டு. இரண்டாவது தோன்றினால் ஓடைகளும் குட்டைகளும் வற்றும், மூன்றாவதில் பேராறுகள், நான்காவதில் ஏரிகள், ஐந்தாவதில் கடல், ஆறாவதில் மேரு மலை புகையும், ஏழாவதில் எல்லாம் தீ. எங்கள் காவிரி இத்தனை சூரியனுக்குக் காத்திருப்பதில்லை. மே மாதம் ஒன்றிலேயே வற்றிவிடுகிறது.

குர்ஆனின் 81ஆம் அத்தியாயம் சூரியன் சுருட்டப்படும் நாளைச் சொல்லித் தொடங்குகிறது. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் சூரியன் கறுத்துப்போகிறது. கடைசியில் வரும் நகரத்துக்குச் சூரியனே தேவைப்படுவதில்லை. இந்த இரண்டிலும் சூரியன் அணைவது காரணம் அல்ல, அறிகுறி. கணக்குத் தீர்க்கப்படுவது மனிதனுக்கு. புராணத்திலும் பௌத்தத்திலும் இது திரும்பத் திரும்ப வருகிற ஒரு சுற்று. அதில் நாம் இருப்பதும் இல்லாததும் பெரிய செய்தி இல்லை. அறிவியலுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடியது இந்த அலட்சியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடனே அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, ஆகவே ரிஷிகளுக்குத் தெரிந்திருந்தது என்று வருமே, அது. பூசை தொடங்கும்போது சங்கல்பத்தில் சொல்கிறபடி ஏழாவது மன்வந்தரம், இருபத்தெட்டாவது சதுர்யுகம், கலியுகம் என்று கூட்டிப் பாருங்கள். இந்தக் கல்பத்தில் கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுதான் வரும். பூமி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கிழவி. இதைச் சொன்னதற்காக ஒரு குடும்பக் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். கோடிக்கணக்கில் காலத்தை நினைத்துப் பார்க்கத் துணிந்ததே பெரிய காரியம் என்றும் அதே செய்தியில் எழுதியிருந்தேன். அதை யாரும் படிக்கவில்லை.

தப்பிக்க வழி உண்டா என்றும் கேட்பீர்கள். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் மிக அருகிலுள்ள விண்மீனின் தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். சூரியன் ராட்சதனாகும்போது சனிக்கோளின் டைட்டன் நிலா கொஞ்ச காலம் வெதுவெதுப்பாகும் என்கிறார்கள், அறிவியலின் ஜனலோகம். 2001இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னொரு யோசனை சொன்னார்கள். நூறு கிலோமீட்டர் பருமனுள்ள ஒரு விண்கல்லைச் சில ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை பூமிக்கு அருகில் ஓட்டிவந்து, அதன் ஈர்ப்பால் பூமியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்துவது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருமுறைகூடக் குறி தவறக் கூடாது. ஒரு வேலையை ஒழுங்காக முடிக்க இங்கே ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டேன். பதினோரு மாதமாகிறது. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட நிறுவனம் பக்கத்து வீட்டுத் தென்னை நிழலில் தகட்டைப் பொருத்திவிட்டுப் போனது. இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கை மட்டும் காட்டுகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தால் எடுத்து, குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். இவர்களுடைய வாரிசுகளா பூமியை நகர்த்தப்போகிறார்கள்?

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வைத்தீஸ்வரன்கோயிலில் தையல் கடை வைத்திருக்கிறாள். பாட்டி போய்ப் பல வருடமாகிவிட்டதாம். “சார், சூரியன் இன்னும் வெடிக்கவில்லையே?” என்றாள். மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். வெயிலில் நிற்க வைத்ததற்கு அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எதற்கு சார் இப்போது” என்று பேச்சை மாற்றினாள். நானும் வேறு பேச்சுக் கிடைக்காமல் மாடித் தகட்டுக் கதையைச் சொன்னேன். அவளுடைய தம்பி எலக்ட்ரீஷியனாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.