பழைய எம்1 கேரண்ட் ரைஃபிளில் வாயு சிலிண்டரையும் ஆபரேட்டிங் ராடையும் மாற்றும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

சுட்டபின் போல்ட் (தோட்டா அறையை மூடித் திறக்கும் பாகம்) முழுத் தூரம் பின்னால் வராமல், அடுத்த தோட்டாவை எடுக்காமலேயே மூடிக்கொள்கிறது என்றும், அதனால் சிலிண்டர், ராட் இரண்டையும் புதிதாக வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பழைய ராணுவ ரைஃபிள் போட்டிகளில் இதே ரகத்தைச் சுட்டு வருபவன் என்ற முறையில், அளந்து பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த ரைஃபிளின் முதல் வடிவத்தில், குண்டு குழலை விட்டு வெளியேறிய பிறகே, மருந்து எரிந்து உண்டாகும் வாயு குழலின் முனையில் பிடிக்கப்பட்டது. பிறகு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, குழலின் முனைக்குச் சற்றுப் பின்னே, அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளையிட்டார்கள். அந்தத் துளை வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும் வாயு, ராடின் முனையில் உள்ள பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, ராட் போல்ட்டை இழுத்துத் திறக்கிறது. பிஸ்டனில் வளையம் எதுவும் கிடையாது. வாயுவைத் தடுத்து நிறுத்துவது உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள மிகச் சிறிய இடைவெளி மட்டுமே. ஆகவே தேய்மானம் என்பது இங்கே நேரடியாக விசை இழப்புதான்.

புதிய பிஸ்டனின் விட்டம் 0.526 அங்குலம், 0.525-க்குக் கீழே போனால் அது கழிக்கப்பட வேண்டியது. சிலிண்டரின் உள்விட்டம் 0.532-ஐத் தாண்டக் கூடாது. வெர்னியர் இதற்குப் போதாது. மைக்ரோமீட்டரால் பிஸ்டனைச் சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும், ஏனெனில் ஒருபக்கமாகத் தேய்ந்த பிஸ்டன் ஓரிடத்தில் நல்ல அளவையே காட்டும். கரி படிந்திருக்கிறதே என்று பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை அவர்கள் தம் கையாலேயே அழிக்கிறார்கள். கரைப்பானும் துணியும் போதும். துடைத்தபின் பிஸ்டனையும் சிலிண்டரின் உட்புறத்தையும் உலர்ந்த நிலையிலேயே விட வேண்டும். கிரீஸ் ராடின் கைப்பிடிப் பகுதிக்கும் அது ஓடும் தடத்துக்கும் மட்டுமே உரியது.

புதிய ராட் கைக்கு வந்ததும் அது வளைந்திருப்பதைக் கண்டு பதற வேண்டாம். குழலின் அடியிலிருந்து ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதியின்) வலப்பக்கத்துக்கு வர வேண்டியிருப்பதால், அது அப்படி வளைத்தே செய்யப்பட்டது. நிமிர்த்த முயன்றால் ராட் வீண். மரக்கட்டையையும் ஸ்பிரிங்கையும் நீக்கிவிட்டு, ராடை மட்டும் பொருத்தி ரைஃபிளை மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். ராட் தன் எடையிலேயே தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். எங்காவது நின்றால், உரசும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பிறகு மரக்கட்டையை மாட்டி இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும், ஏனெனில் மரத்தில் உரசும் ராடும் வாயுக் குறைபாட்டின் அறிகுறிகளையே காட்டும்.

சிலிண்டர் குழலின் வெளிப்புறத்தில் உள்ள வரிகளில் ஆடாமல் அமர வேண்டும். முன்குறி அதன் மேலேயே இருப்பதால், சிலிண்டர் ஆடினால் குறியும் ஆடும். சிலிண்டரை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் சிலிண்டர் லாக்கைக் கையால் திருகி, சிலிண்டரைத் தொட்டதும் நிறுத்துங்கள். அது நேர் கீழ்நோக்கி நிற்காவிட்டால், மேலும் இறுக்காமல், நேராகும் வரை பின்னோக்கித் தளர்த்த வேண்டும். அதன்பின் சிலிண்டரின் முன்பக்கத்தை அடைக்கும் மூடித் திருகாணியை நன்றாக இறுக்குங்கள். உங்கள் கோளாறுக்கு இந்தத் திருகாணி தளர்ந்திருப்பதே காரணமாக இருக்கலாம் என்பதால், பாகங்களை அளப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

கடைகளில் கிடைக்கும், வாயுவைச் சீர்செய்யும் திருகாணி உங்களுக்குத் தேவையில்லை. மெதுவாக எரியும் மருந்தும் கனமான குண்டும் கொண்ட வேட்டைத் தோட்டாக்கள் துளையருகே அழுத்தத்தைக் கூட்டி ராடை வளைத்துவிடாமல் இருக்கவே அது பயன்படுகிறது. விசை போதாத ரைஃபிளில் அதைப் பொருத்தினால் நிலைமை மோசமாகவே செய்யும்.

சோதிக்கும்போது கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பிடி) இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுடுங்கள். இதன் ஊசிக்கு ஸ்பிரிங் இல்லாததால் போல்ட் மூடும் வேகத்திலேயே தோட்டா வெடிக்க வாய்ப்புண்டு. ஆகவே முனை இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். சுட்டபின் போல்ட் பின்னால் திறந்தே நின்றால் வாயு போதுமான அளவு வேலை செய்கிறது. மூடிக்கொண்டால், இனிப் பார்க்க வேண்டியவை தோட்டாவும் ஸ்பிரிங்கும்தான்.