ஆஸ்பத்திரி வாடை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒஹாயோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன வருஷம் ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர் உரிமம், எடுத்தேன். கூடவே வீட்டில் பீர் காய்ச்சவும் ஆரம்பித்தேன். கடைசியாகப் போட்ட ஐந்து கேலனிலும் காயத்துக்கு ஒட்டும் பேண்ட்-எய்ட் வாடை. அவ்வளவையும் கொட்டிவிட்டேன். எல்லாவற்றையும் தானே செய்யும் இயந்திரம் ஒன்றை வாங்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். கடையில் கிடைப்பதற்கு இவ்வளவு பாடா, இது சட்டப்படி சரியா என்கிறார் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா. இயந்திரம் வாங்கலாமா? முதல் ரேடியோவாக எதை வாங்கலாம்?

க.

அன்புள்ள க.,

அப்பாவிடம் சொல்லுங்கள், சட்டப்படி சரிதான். 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்ய வழி விட்டார்கள், பீர் விடுபட்டுப்போனது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதைச் சரிசெய்தது. வயதுவந்தவர் ஒருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவர் இருந்தால் 200. விற்கக் கூடாது. குடிப்பது நல்லதா கெட்டதா என்பதை நீங்களும் அவரும் பேசிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். ஏன் கொட்டினீர்கள்? ஐந்து கேலனையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அதில் ஓர் எண்கூட இல்லை. என்ன தண்ணீர், மால்ட்டை (முளைகட்டிய பார்லியை) எத்தனை டிகிரியில் ஊறவைத்தீர்கள், ஈஸ்ட் போடும்போது என்ன வெப்பம், எதுவும் இல்லை. ஹாம் பரீட்சையில் தேறியவர் செய்கிற காரியமா இது?

மிச்சிகனில் நான் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹாம். கராஜின் ஒரு பாதியில் ரேடியோ, மறுபாதியில் பீர். ஒருநாள் அவருடைய ரிசீவரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். நான் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது 120, 60 இல்லை" என்றார். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதுவே நேரடியாகக் கேட்டால் எங்கோ கிரவுண்டில் கோளாறு, அல்லது ஒயர் வழியாக உள்ளே நுழைகிறது. ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையரைத் தாண்டினால் அது இரட்டித்து 120 ஆகிவிடும். அப்போது சந்தேகம், அந்த டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர் மேல்தான். அதை மாற்றினார், இரைச்சல் போனது. கோளாறு தன் முகவரியைத் தானே சொல்லும், கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கும் ஒருமுறை உங்களுக்கு வந்த அதே ஆஸ்பத்திரி வாடை வந்தது. அவர் கொட்டவில்லை. அடுத்த முறை மால்ட், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், வெப்பம் எதையும் மாற்றாமல் தண்ணீரை மட்டும் மாற்றினார். பாதி பீரைக் குழாய்த் தண்ணீரில் காய்ச்சினார், மறுபாதியைக் கடையில் வாங்கிய தண்ணீரில். வாங்கிய தண்ணீரில் காய்ச்சியதில் வாடை இல்லை. குழாய்த் தண்ணீரின் குளோரின், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிறது. துளியூண்டு இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். குளோரின் என்றால் ஓர் இரவு திறந்துவைத்தாலே பெரும்பாலும் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமின் அப்படிப் போகாது. அதற்கு கேம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரை, ஐந்து கேலனுக்குக் கால் மாத்திரை போதும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அவர் சாலிடரிங் அயர்னோடு இருந்தாலும் பீர்ப் பானையோடு இருந்தாலும் இதைத்தான் செய்தார். ஹாம் ரேடியோவையும் காசுக்கு நடத்தக் கூடாது, இந்த பீரையும் விற்கக் கூடாது. அதனால்தான் எந்தக் கம்பெனியும் நேரம் ஒதுக்காத ஒரு சின்ன வாடையின் பின்னால் ஒரு மாதம் அலைய முடிகிறது. 1912இல் அமெரிக்கா ஹாம்களை 200 மீட்டருக்குக் குறைவான அலைநீளங்களுக்குத் தள்ளியது, அங்கே ஒன்றும் தேறாது என்ற நினைப்பில். 1923 நவம்பரில் அதே ஹாம்கள் ஏறக்குறைய 110 மீட்டரில், அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து பிரான்ஸின் நீஸ் நகரத்தோடு அட்லாண்டிக்கைத் தாண்டி மோர்ஸில் இருவழியாகப் பேசினார்கள். இயந்திரத்தை வாங்கினால் இந்த அலைச்சல் மட்டும் உங்களுக்குக் கிடைக்காமல் போகும். நல்ல பீர் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது கடையிலேயே கிடைக்கிறதே, அப்பா சொல்வது அந்த விஷயத்தில் சரி.

இவ்வளவு திட்டியதற்கு வருத்தப்படாதீர்கள் தம்பி. வாடை இருக்கிறது என்று மழுப்பாமல் எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்தது.

ரேடியோ அப்புறம் வாங்கலாம். முதலில் ஒரு டம்மி லோடு செய்யுங்கள், சோதிக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி சக்தியை உறிஞ்சிக்கொள்வது. 1000 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இருபதை இணையாகச் சேர்த்தால் 50 ஓம், 40 வாட் தாங்கும். ஒயர் சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம், கார்பன் ஃபிலிம் வாங்குங்கள்.