ஒரே நாளில் திருச்சி: எதைப் பார்ப்பது?

கேள்வி: குடும்பத்தோடு ஒரு நாள் திருச்சியில் இருப்போம். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் இரண்டும் பார்த்தால் போதும்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது.
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: திருவானைக்காவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, விட்டுவிட்டு வரக் கூடாத கோயில்.

வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டைக்குப் போய்விடுங்கள். அம்மா அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கட்டும். மலையின் நடுவில் இருக்கும் தாயுமானவரை (சிவன்) தரிசித்ததும் எல்லோரும் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க விறுவிறுவென்று ஏறிவிடுகிறார்கள், போகிற வழியில் இருக்கும் பல்லவர் குடைவரையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தயவுசெய்து அங்கே நில்லுங்கள். முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் குடைந்தது. மேற்குச் சுவரில் கங்காதரர், சடையில் ஒரு புரியைக் கையால் நீட்டிப் பிடித்திருக்கிறார், கங்கை கூப்பிய கையோடு பெண்ணுருவில் அதில் இறங்குகிறாள். பக்கத்துத் தூண்களில் சமஸ்கிருதக் கல்வெட்டு. ஆறு என்றாலே ஆசைப்படும் சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று பயந்து, பார்வதி பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்து, 'காவிரி பல்லவ மன்னனுக்கு உரியவள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்! என்ன ஒரு கற்பனை! இதைத் தெரிந்துகொண்டு உச்சிக்குப் போய்க் காவிரியைப் பாருங்கள்.

இறங்கியதும், நேரம் இருந்தால் லூர்து மாதா ஆலயம், ஆற்காடு நவாப் சந்தா சாகிப்பின் சமாதி இருக்கும் நத்தர்வலி தர்கா இரண்டையும் பார்த்துவிடலாம், தூரமில்லை.

ஆனால் உச்சிக்கால பூஜைக்குத் திருவானைக்காவலில் இருந்தாக வேண்டும். அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்துக்கொண்டு, அகிலாண்டேஸ்வரியாகவே மேளதாளத்தோடு ஜம்புகேஸ்வரர் சன்னதிக்கு வந்து பூஜை செய்வார். அம்பாளே சுவாமியைப் பூஜிப்பதாக ஐதீகம். பஞ்சபூதங்களில் நீருக்குரிய அப்பு தலம், கருவறையில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

மதியம் நடை சாத்துவார்கள், சாப்பிட்டு ஓய்வெடுங்கள். அப்புறம் ஸ்ரீரங்கம். ராஜகோபுரம் 1987-இல்தான் கட்டி முடிந்தது, கோயிலின் வயதை அதை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஏழு பிராகாரம், அம்மாவை எல்லாவற்றிலும் நடக்க வைக்க வேண்டாம், பெருமாள் தரிசனம் முடிந்ததும் வெள்ளைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சேஷராயர் மண்டபத்துக்கு மட்டும் அழைத்துப்போங்கள். முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள், அவற்றின் காலடியில் புலியைக் குத்தும் வீரர்கள், ஒவ்வொரு தூணும் ஒரே கல். இருட்டிவிட்டால் அந்த நுணுக்கம் கண்ணுக்குப் படாது, அதனால் நாலரை மணிக்கெல்லாம் அங்கே இருங்கள்.